வாட்டம் இல்லாத புல்

ஜூன் 3

கமாவுக்கு,

போனில் சொன்னால் சரியாகக் கேட்கவில்லை என்பாய். எழுதினால் பிழை தேடுவதற்காகவாவது கடைசி வரை படிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பா பின்முற்றத்துச் சேற்றில் வழுக்கி விழுந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு வக்கீலின் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. "உங்க தம்பி அப்பாவைப் பூ மாதிரி பாத்துக்கறாரு. என்ன, பூவைக் கொண்டுபோய்ச் சேத்துல நட்டு வச்சிருக்காரு" என்றார். நான் சிரிக்கவில்லை.

பக்கவாதம் வந்தபோது டாக்டர் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். காலையும் மாலையும் நடந்தால்தான் அந்த வலது கால் காலாக இருக்கும், நிறுத்தினால் படுக்கை. தெருவில் விட முடியாது. அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களை நான் பழக்கவில்லை. மிச்சம் இருப்பது பின்முற்றம். அது வருடத்தில் பாதி நாள் சேறு.

என் டிரைவிங் ஸ்கூலுக்கு வரும் ஒரு அம்மாள் வீட்டில் செயற்கைப் புல் போட்டிருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். மெத்தென்று இருக்கிறது, காலில் ஒட்டுவதில்லை. அதையே அப்பாவுக்குப் போடு. செலவு என்னுடையது. புல் போடுகிறவரின் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்: பச்சை எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், வாட்டமே இருக்கக் கூடாது. இந்தக் கடிதத்தையே காட்டிவிடு. உன் பொழிப்புரை வேண்டாம்.

மழைக்காலத்துக்குள் அவர் விழாமல் நடக்க ஓர் இடம் உன்னால் செய்ய முடியவில்லை என்றால், நான் வந்து அழைத்துப் போய்விடுவேன். என் வீடு மாடியில் இருக்கிறது, படி செங்குத்து, அங்கே வைத்துக்கொள்ள முடியாது. தெருமுனையில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. பெற்ற அப்பாவைப் பார்சல் கட்டுகிறாள் என்று நீ பேசுவாய். பேசிக்கொள்.

அக்கா

ஜூன் 25

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் ஒற்றுப்பிழை இரண்டு மட்டுமே. முன்னேற்றம் தெரிகிறது.

புல் வந்துவிட்டது. வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

நம் முற்றம் எப்படிப்பட்டதென்று நீ மறந்திருக்கலாம். வக்கீல் வீட்டுக் கூரைத் தண்ணீர் குழாய் வழியாக நம் பக்கம்தான் இறங்குகிறது. முன்னால் இருக்கும் சாலையை, பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திவிட்டார்கள். நாம் இருந்த இடத்திலேயே இருந்து தாழ்ந்த குடும்பமாகிவிட்டோம். விழுகிற தண்ணீரில் பாதி சுவரோரத்து வாய்க்காலில் வக்கீல் தோட்டத்துக்குப் போகும். மீதிப் பாதி போவதற்கு இடம் யோசித்துக்கொண்டு நிற்கும்.

புல்காரர் தரையின் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்தார். குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

"களிமண்ணு சார். இதுமேல கார்ப்பெட்டை விரிச்சா தண்ணி கீழயும் போகாது, மேலயும் வராது, நடுவுல மாட்டிக்கும். ஜல்லி கொட்டணும், பைப் வைக்கணும். வாட்டம் எந்தப் பக்கம் குடுக்கலாம்?"

நீ உத்தரவிட்டபடி கடிதத்தைக் காட்டினேன். படித்தார். நெற்றியைச் சொறிந்துகொண்டு மறுபடி படித்தார்.

"வாட்டமே இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்களே."

"போட்டிருக்காங்க."

"அம்மா இன்ஜினியரா?"

"டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காங்க."

"அப்ப ரோடு வேலை பாத்தவங்கதான். ஏதோ காரணமாத்தான் சொல்றாங்க" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

வாட்டம் இல்லையென்றால் தண்ணீர் ஓடாது, ஓடாத தண்ணீருக்குப் பைப் எதற்கு, பைப் இல்லாதபோது ஜல்லி எதற்கு என்று படிப்படியாகத் தர்க்கம் இறங்கி வந்தது. சுவரோரத்து வாய்க்காலை, அது சரிவாக இருந்த குற்றத்துக்காக, மண் போட்டு மூடினார். கல்தூள் பரப்பி, திம்ஸுக் கட்டையால் அடித்து இறுக்கி, மூலைக்கு மூலை ரசமட்டம் வைத்தார். குமிழி எல்லா இடத்திலும் நட்டநடுவில் நின்றது. இவ்வளவு மட்டமான வேலையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றேன். மனம் குளிர்ந்து நன்றி சொன்னார்.

அப்பாவை அழைத்து வந்தேன். லிஃப்டில் அத்தனை வருடம் நின்று வேலை பார்த்தவருக்கு, பேச்சு போன பிறகும் அந்த லிஃப்டின் மூன்று வாக்கியம் மட்டும் தங்கியிருக்கிறது அல்லவா? புல்லின் மேல் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "எந்த மாடி?" என்று கேட்டார். "கீழ்த்தளம்தாம்பா" என்றேன். நிம்மதியாக நடந்தார். ஊன்றுகோலை ஒருமுறை மறந்து வைத்துவிட்டுக்கூட நடந்தார். அதை மட்டும் உனக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

கமா

ஜூலை 2

கமாவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பு நடுவே படித்துத் தொலைத்தேன். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்து பிரேக்கை மிதித்துவிட்டாள்.

வாட்டம் என்றால் வாடுவது. வாடிய முகம், வாடிய பயிர். புல் வெளுத்துத் தொய்ந்து போகக் கூடாது என்று எழுதினேன். தண்ணீர் ஓடும் சரிவுக்கும் அதே சொல் என்று எனக்குத் தெரியும், எழுதும்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாமல் போகலாம். நான் கியர் சொல்லிக் கொடுக்கிறவள். நீ பாடப்புத்தகத்தில் பிழை திருத்துகிறவன். ஒருவர் என்ன எழுத நினைத்தார் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

அப்பா உனக்குக் கமா என்று பெயர் வைத்தாரே, பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்க மாட்டான் என்று. அப்படிப்பட்ட நீ அன்றைக்குப் பார்த்து "போட்டிருக்காங்க" என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருக்கிறாய்.

இன்னும் பெரிய மழை வரவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொல். ஜல்லி, பைப், வாட்டம். சரிவு என்ற பொருளில் வாட்டம். கீழே கோடும் போட்டிருக்கிறேன், பார்.

அக்கா

ஜூலை 20

அக்காவுக்கு,

கோடு பார்த்தேன். நேராக இல்லை.

பிளாஸ்டிக்கைப் பார்த்து வாடாதே என்று கட்டளையிட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருக்கும். தேவையற்ற ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, அதை ஒருவர் நம்பிவிட்டாரே என்று கோபிக்கிறாய்.

புல்காரர் ஒரு விளையாட்டரங்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார். பைப்பை வெளியே விட வேண்டுமென்றால் வக்கீல் தோட்டத்தின் வழியாகத்தான் விட வேண்டும். கேட்டேன். "தாராளமா விடுங்க தம்பி. ஒரு மனு மாதிரி எழுதிக் குடுங்க, பரிசீலிக்கறேன்" என்றார். பரிசீலித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கூரைத் தண்ணீர் மட்டும் எந்த மனுவும் இல்லாமல் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் புல் நடுவில் கொஞ்சம் உப்பியிருந்தது, சாப்பிட்டவன் வயிறு மாதிரி. அடுத்த மழைக்கு முற்றம் முழுவதுமே ஒரு பெரிய தண்ணீர் மெத்தை. ஓரத்தில் மிதித்தால் எதிர் ஓரத்தில் எழுகிறது. மேலே ஒரு சொட்டு இல்லை, பச்சைப் பசேல் என்று இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் பாராட்டுகிறார்கள். நாற்றம் நமக்கு மட்டும். பின்னறைச் சுவரில் கட்டில் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது.

அப்பா அதில் இறங்கினார். காலடியில் தரை அசைந்ததும் நிமிர்ந்து நின்று, பழைய குரலில், "மேலே போகுது" என்று அறிவித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பல மாதமாகப் பார்க்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயப்படாதே.

நீ சொன்னதை வார்த்தை பிசகாமல் செய்தவன் நான். மறுபடி செய்யச் சொல்வதற்கு முன்னால், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் எழுதுகிறாய் என்று ஒரு பட்டியல் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

கமா

ஜூலை 27

கமாவுக்கு,

ஜெயித்துவிட்டாய். பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன்.

அவரை அதில் இறங்க விடாதே. பின்கதவைப் பூட்டு. கூடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். வேறு ஆளைப் பார், எவன் கிடைத்தாலும் சரி, அதைக் கிழித்து எடுத்தாவது போடு. சேறு பரவாயில்லை. சேறு சேறு மாதிரி இருக்கும். பார்த்து மிதிப்பார்.

லைசென்ஸ் தேர்வு முடிந்ததும் வருகிறேன். அதுவரை பூட்டு.

அக்கா

ஆகஸ்ட் 30

கமாவுக்கு,

அப்பா இங்கே வந்து சேர்ந்துவிட்டார். ஆம்புலன்சில் தூங்கிக்கொண்டே வந்தார். இல்லத்தில் ஜன்னலோரக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். முறிந்த இடுப்பில் வைத்த தகடு நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று இங்குள்ள டாக்டரும் சொல்கிறார். நடப்பதைப் பற்றிக் கேட்டேன். பேச்சை மாற்றினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னைக் கொலைகாரன் என்றதை அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நீ, "இனிமே உன் போனை எடுத்தா என்னைச் செருப்பால அடி" என்றாய். சரி, எடுக்காதே. எனக்கும் உன் குரல் தேவையில்லை. எழுத்தில் இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று. பின்கதவைப் பூட்டச் சொன்னேன். பூட்டினாயா?

இரண்டு. என் கடிதத்தை அந்த மனிதர் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பார்த்தபோது, நான் சொன்னது எந்த வாட்டம் என்று உனக்குத் தெரியாதா?

அக்கா

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

பூட்டினேன். மூன்று நாள் பூட்டியே வைத்திருந்தேன். கூடத்தில் அவர் நடக்கவில்லை. பின்கதவின் முன்னால் வந்து நின்றார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், லிஃப்டின் பொத்தான் இருக்கும் உயரத்தில், விரலால் அழுத்தினார். சிறிது காத்திருந்துவிட்டு மறுபடி அழுத்தினார். அழைத்தும் வராத லிஃப்டைப் போல நான் உள்ளே உட்கார்ந்து பாடப்புத்தகம் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்துபோயிற்று. மழை விட்டு வெயில் அடித்தது, புல் படிந்து தட்டையாகத் தெரிந்தது, திறந்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்கப் போனேன். ஒட்டியிருந்த பசை விட்டு, நடுவில் ஒரு மடிப்பு எழுந்திருந்தது. அதில் கால் மாட்டியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி. அச்சகத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஆசிரியர் எழுதியது தவறென்று தோன்றினால் திருத்தக் கூடாது. ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அன்று என்னிடம் பென்சில் இருந்தது.

இனி அப்பா விஷயம்.

அவருக்குச் சட்டைப் பித்தானைப் போடும்போது மேலிருந்து கீழாகப் போடச் சொல். கீழிருந்து போட்டால் கையைத் தட்டிவிடுவார். தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால்தான் குடிப்பார், பிளாஸ்டிக்கைத் தொடமாட்டார். இரவில் போர்வையைக் காலுக்கு மட்டும் போட வேண்டும். அங்கே இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

அவரைத் திருப்பிக் கொடு அக்கா.

கமா

அக்டோபர் 4

கமாவுக்கு,

பித்தான் விஷயத்தைச் சொன்னேன். "நாப்பது பேரு இருக்காங்கம்மா, ஆளாளுக்கு ஒரு ஃபேஷன் பாக்க முடியுமா" என்றாள் ஆயா. இப்போது பித்தான் இல்லாத சட்டை மாட்டுகிறார்கள்.

சுத்தமாக இருக்கிறது என்று எழுதினேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் தரையைத் துடைக்கும் வரை யாரையும் கட்டிலிலிருந்து இறக்குவதில்லை. துடைத்த பிறகு, காயும் வரை. காய்ந்த பிறகு சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது. விழாமல் பார்த்துக்கொள்வதில் அவர்களை மிஞ்ச முடியாது.

ஆஸ்பத்திரியில் மேல்மாடிக்கு எக்ஸ்ரே எடுக்க லிஃப்டில் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். ஏறியதும் அப்பாவின் கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. "கையை எடுங்க பெரியவரே, இதெல்லாம் தொடக்கூடாது" என்றான் லிஃப்டில் நின்றவன். இவர் யார் தெரியுமா என்று சொல்ல வாயெடுத்தேன். யார் என்று சொல்வது? மேல்மாடி வந்துவிட்டது.

போன வாரம் ராத்திரி நர்ஸ் பதறிப்போய் எனக்குப் போன் செய்தாள். "உங்கப்பா கோமா, கோமான்னு சொல்லிட்டே இருக்காரும்மா, அவருக்கே தெரியுது போல" என்றாள். டாக்டரை வேறு எழுப்பிவிட்டிருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கோமா இல்லை. கமா. மூன்று வாக்கியத்தோடு நாலாவதாக இது வந்திருக்கிறது. கதவைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். நான் போனால் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் கேள்விக்குறி என் நெஞ்சில்தான் நிற்கிறது. ஆனால் அவர் கேட்பது உன்னை.

முற்றத்தைச் சரி செய். இந்தமுறை யாருடைய கடிதத்தையும் காட்டாதே, நீயே நின்று செய். பின்னறைச் சுவர் காய வேண்டும். காய்ந்துவிட்டது என்று எழுது. நான் கொண்டுவந்து விடுகிறேன். நடக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அக்கா

நவம்பர் 12, காலை

கமா,

நேற்றிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எடுக்கவில்லை. வக்கீலின் மனைவிக்கும் அடித்துப் பார்த்தேன், அவர்கள் மகள் ஊருக்குப் போயிருக்கிறார்களாம். உன் அச்சகத்தில் நீ ஒரு மாத லீவு என்கிறார்கள்.

அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தே கிடந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார் டாக்டர், வானிலை சொல்வதுபோல. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டோம். மூக்கில் குழாய். காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேற பிள்ளைங்க இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார்.

என் ஸ்கூல் டிரைவரிடம் வண்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். இதை உன் கையில் கொடுப்பார். படித்துக்கொண்டு நிற்காதே. போட்டிருக்கும் சட்டையோடு ஏறு. டிரைவர் வந்து சேருவதற்குள்ளாவது நீ போனை எடுத்தால், என் போனை அப்பா காதில் வைக்கிறேன். நீ பேசினால் போதும். இன்னும் கேட்கிறது அவருக்கு. கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா

நவம்பர் 12, பிற்பகல்

அக்காவுக்கு,

காய்ந்துவிட்டது.

இதை எழுத ஒரு மாதம் ஆகியிருக்கிறது. புல்லைச் சுருட்டி எடுத்தபோது கீழே இருந்ததை வர்ணிக்க மாட்டேன். என்னோடு வேலை செய்த இருவரில் ஒருவர் மதியத்துக்குப் பிறகு வரவில்லை. புல்காரர் வந்தார், அதே மனிதர்தான். ஆஸ்பத்திரி விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார். "அம்மா சொன்னாங்கன்னு செஞ்சேன் சார்" என்று மட்டும் சொன்னார். "அம்மா மேல தப்பில்லை" என்றேன். இருவரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டோம். களிமண்ணை முழங்கால் ஆழம் வெட்டி எடுத்தோம். ஜல்லி கொட்டி, துளை போட்ட பைப் பதித்து, வக்கீல் பக்கம் வாட்டம் கொடுத்தோம். ரசமட்டத்தின் குமிழி ஒருபக்கமாக ஒதுங்கி நிற்பதைப் பார்க்க இத்தனை சந்தோஷமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வக்கீல் சம்மதம் கொடுத்துவிட்டார். மனு எழுதவில்லை. அவர் ஊருக்குக் கிளம்புகிற அன்று வண்டி முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெட்டிக்கப்பா, வெட்டிக்க" என்றார்.

நேற்றும் இன்றும் நாலு குடம் நாலு குடமாகக் கொட்டிப் பார்த்துவிட்டேன். போகிறது அக்கா. நின்று யோசிக்காமல் போகிறது. புல் போடவில்லை. கடப்பைக் கல்லை இடைவெளி விட்டுப் பதித்திருக்கிறோம், சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி. பின்னறைச் சுவரைச் சுரண்டிப் பூசி, வெள்ளையடித்தாயிற்று. கட்டிலைக் கதவைப் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறேன். என்னால் முடிந்த சமையல் உனக்கும் தெரியும். கஞ்சி பதமாக வர வக்கீல் வீட்டு அம்மாளிடம் கற்றுக்கொண்டேன். பித்தான் வைத்த சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

நேற்றிலிருந்து நீ விடாமல் போன் செய்கிறாய். எதற்கென்று தெரியும். மனம் மாறியிருப்பாய். டாக்டர் வேண்டாம் என்கிறார், குளிர் போகட்டும், தை பிறக்கட்டும் என்று ஏதாவது இருக்கும். அதை உன் வாயால் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. எழுத்தில் அனுப்பு. எழுத்தில் வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. தெருமுனை வரை வந்து நிற்கிறேன்.

இதோ, மறுபடி மணி அடிக்கிறது. அடித்து ஓயட்டும். தபால்காரர் பெட்டியைத் திறப்பதற்குள் இதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

கமா